பூசாத சுவர்

நம் ஊரில் பூசாத சுவருக்கு ஒரே அர்த்தம்தான்: கையில் இருந்த பணம் தீர்ந்துவிட்டது. செங்கல் தெரிய நிற்கும் வீட்டைக் கடந்து போகிறவர்கள் வீட்டுக்காரரின் ரசனையைப் பற்றி யோசிப்பதில்லை. மகள் கல்யாணம் குறுக்கே வந்திருக்கும், அல்லது கடைசித் தவணை கைக்கு வந்திருக்காது என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே போவார்கள். கிரகப்பிரவேசப் பத்திரிகை அடிக்கும் முன் பூச்சு முடிந்து வெள்ளையும் அடித்திருக்க வேண்டும். உள்ளே சமையலறை மேடை பாக்கி இருந்தாலும் பரவாயில்லை, தெருப்பக்கச் சுவர் பூசியிருந்தால்தான் மரியாதை.

இதே நாட்டில்தான், பெரும் பணம் செலவழித்து, உலகறிந்த கட்டடக் கலைஞர்களை அழைத்துவந்து, சென்ட்ரிங் பலகையைப் பிரித்த கோலத்திலேயே கான்கிரீட்டை விட்டுவிட்ட ஒரு காலமும் இருந்தது. 1950களில் சண்டிகரில் அது வேரூன்றி அகமதாபாத், டெல்லி என்று பரவியது. புரூட்டலிசம் என்று அந்தப் பாணியைச் சொல்கிறார்கள். பூச்சு, வண்ணம், அலங்காரம் எதுவும் கிடையாது. தூண் தூணாகவும் உத்திரம் உத்திரமாகவும் கண்ணுக்குத் தெரியவேண்டும். இந்தக் கட்டடங்களைச் சுற்றி ஒரு புகைப்படக் கலையும் வளர்ந்தது. எந்த ஊர், என்ன கட்டடம், எத்தனை மாடி என்று எதையுமே சொல்லாமல், சுவரின் ஒரு மூலையையும் நிழலின் ஒரு விளிம்பையும் மட்டும் காட்டும் அரூபப் புகைப்படம் அது.

கொல்லிமலையில் உட்கார்ந்துகொண்டு யோசிக்க வேண்டிய விஷயமா இது என்று கேட்கலாம். மலை ஊர்கள் நாடு நாடாகப் பிரிந்து கிடக்க, வளப்பூர் நாடு அவற்றில் ஒன்று. அறப்பளீஸ்வரர் கோயிலும் ஆகாய கங்கை அருவியும் இங்கேதான். காரவள்ளி அடிவாரத்திலிருந்து வந்தால் 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறித்தான் மலையின் தலைக்கு வரவேண்டும். ஒரு மூட்டை சிமெண்டும் ஒரு கட்டுக் கம்பியும்கூட மலைப்பாதை ஏறி லாரியில்தான் வந்தாகவேண்டும். முன்பெல்லாம் இங்கே வீடு என்றால் மண்சுவரும் புல்வேய்ந்த கூரையும். அவை குறைந்து இப்போது தொகுப்பு வீடுகளும் தட்டைக் கூரைகளும் பெருகிவிட்டன. மிளகுக் கொடிக்கும் பலா மரத்துக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு மேல்நிலை நீர்த்தொட்டி நிற்கும். பூசாத கான்கிரீட்டின் மலைக்கிளை என்று வேண்டுமானால் அதைச் சொல்லிக்கொள்ளலாம்.

அப்படி ஒரு தொட்டியைத்தான் ஒருநாள் கீழிருந்து படமெடுத்துக்கொண்டிருந்தேன். தூணும் அடித்தட்டும் சேரும் இடத்தில் மழைநீர் வழிந்து கறுத்த பட்டை ஒன்று இறங்கியிருந்தது. பனிமூட்டத்தில் நிழலே இல்லை. அந்தக் கறுப்புப் பட்டையும் வெளிறிய வானமும் தவிர சட்டத்துக்குள் எதுவும் விழாதபடி நின்று, குனிந்து, மறுபடி நின்று பார்த்தேன். வழியில் போன பெரியவர் ஒருவர் கொஞ்ச நேரம் என்னைக் கவனித்துவிட்டு, "ஏனுங்க தம்பி, தொட்டி ஒழுகுதுன்னு மனுப் போடவா எடுக்கறீங்க?" என்று கேட்டார். இல்லைங்க, சும்மாதான் என்றேன். "சும்மா எடுக்கறதுக்கு அதுல என்ன இருக்குது?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சாட்சியமாகவோ ஞாபகமாகவோ பயன்படாத படம் எதற்கு என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்வி. நூறு வருடமாகப் புகைப்படக்காரர்கள் அதற்கு ஆளுக்கொரு பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

தொழிலாகப் பார்த்தால் இது விலக்கும் கலை. ஓவியன் வெறும் துணியில் ஒன்றொன்றாகச் சேர்த்துக்கொண்டு போகிறான். புகைப்படக்காரன் முன்னால் எல்லாமே ஏற்கெனவே நிற்கின்றன, அவன் ஒவ்வொன்றாக வெளியே தள்ளவேண்டும். முதலில் தள்ள வேண்டியது கதவு. கதவு தெரிந்தால் சுவரின் உயரம் தெரிந்துவிடும். அடுத்து வானம், தரை, ஜன்னல் கம்பி, துணி காயும் கொடி. கடைசியாக மனிதர். ஒரே ஒருவர் ஓரமாக நின்றால்கூடப் போதும், அளவு பிடிபட்டுவிடும், மாயம் கலைந்துவிடும். தூரத்தை இழுத்துக் காட்டும் நீள லென்ஸ் போட்டால் முன்னும் பின்னுமாக இருக்கும் இரண்டு சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தளம்போல ஆகிவிடும். பத்து மாடிக் கட்டடமும் ஒரு மடித்த காகிதமும் அங்கே வித்தியாசப்படாது. கண் எதையும் அடையாளம் காணமுடியாமல் போனபின் கோடு, சாய்வு, வெளிச்சம், சொரசொரப்பு ஆகியவற்றை மட்டும் பார்க்கத் தொடங்குகிறது. கான்கிரீட் இதற்கென்றே படைத்த பொருள். கண்ணாடிபோல எதிரே இருப்பதைக் காட்டிக் குழப்பாது. வெயில் பட்டால் வெள்ளை, படாவிட்டால் கறுப்பு, இரண்டுக்கும் நடுவில் நூறு சாம்பல்.

பால் ஸ்ட்ராண்ட் 1915 இல் நியூயார்க்கில் எடுத்த 'வால் ஸ்ட்ரீட்' படத்தை இந்த வழியின் தொடக்கங்களில் ஒன்றாகச் சொல்வார்கள். அப்போதுதான் கட்டி முடித்திருந்த மார்கன் வங்கிக் கட்டடத்தின் ராட்சசக் கறுப்புப் பள்ளங்கள், அவற்றின் கீழே காலை வெயிலில் நீண்ட நிழலோடு வேலைக்குப் போகும் சின்னச் சின்ன மனிதர்கள். ஸ்ட்ராண்ட் மனிதரை விலக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பள்ளங்கள் எவ்வளவு பெரியவை என்று நாம் பயப்பட வேண்டும் என்பதற்காகவே அவர்களை வைத்திருந்தார். பின்னால் வந்தவர்கள் பள்ளங்களை எடுத்துக்கொண்டார்கள், மனிதர்களை விட்டுவிட்டார்கள்.

இந்தியக் கான்கிரீட்டின் முகத்தை உலகத்துக்குக் காட்டியவர் என்று ஒருவரைச் சொல்லவேண்டுமானால் லூசியன் ஹெர்வே. 1910 இல் ஹங்கேரியில் பிறந்தவர். பிரான்சுக்குப் போய், போரில் ஜெர்மானியரிடம் பிடிபட்டு, தப்பி, எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்தபோது வைத்துக்கொண்ட பெயர்தான் ஹெர்வே. 1949 இல் மார்செயில் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே கட்டிக்கொண்டிருந்த பெரும் குடியிருப்பைப் பார்க்கப் போனவர் ஒரே நாளில் 650 படங்கள் எடுத்து அவருக்கு அனுப்பிவைத்தார். படங்களைப் பார்த்த லெ கொர்பூசியே, கட்டடக் கலைஞனின் ஆன்மா உங்களுக்கு இருக்கிறது என்கிற பொருளில் பதில் எழுதி, அதன்பின் 1965 இல் தான் சாகும்வரை ஹெர்வேயை விடவில்லை. ஹெர்வேயின் முக்கியமான கருவி கேமரா மட்டுமல்ல, கத்தரிக்கோலும்தான். எடுத்த படத்தைத் தயங்காமல் வெட்டுவார். வானத்தை வெட்டி, மரத்தை வெட்டி, கடைசியில் ஒரு சாய்ந்த நிழலும் ஒரு விளிம்பும் மிஞ்சும். மிஞ்சியது அசலைவிட வலுவாக இருக்கும்.

1955 இலும் 1961 இலும் அவர் இந்தியா வந்தார். பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட, கிழக்குப் பஞ்சாபுக்கு ஒரு தலைநகர் தேவைப்பட்டுப் பிறந்த ஊர் சண்டிகர். முதலில் அமெரிக்கர் ஆல்பர்ட் மேயரும் போலந்துக்காரர் மேத்யூ நோவிக்கியும் திட்டம் போட்டார்கள். 1950 இல் நோவிக்கி விமான விபத்தில் இறந்துபோக, லெ கொர்பூசியேயும் பியர் ஜான்னரேயும் மேக்ஸ்வெல் ஃப்ரையும் ஜேன் ட்ரூவும் வந்து சேர்ந்தார்கள். உயர் நீதிமன்றம், 254 மீட்டர் நீளத் தலைமைச் செயலகம், சட்டமன்றம் என்று மூன்று கான்கிரீட் மலைகள் சமவெளியில் எழுந்தன. வட இந்தியாவின் வெயிலும் அந்த ஆழமான மாடங்களும் சேர்ந்தால் ஹெர்வேக்கு வேறென்ன வேண்டும்? கத்தியால் கீறியதுபோன்ற நிழல்கள். அந்தப் படங்களில் சிலவற்றில் மனிதர் வருவார். வந்தாலும் பெரும்பாலும் அந்தப் பிரம்மாண்டத்தை அளந்து காட்டும் ஒரு கறுப்பு உருவமாகத்தான் நிற்பார்.

எர்ன்ஸ்ட் ஷைடெக்கர் என்ற சுவிட்சர்லாந்துப் புகைப்படக்காரர் 1956 இல் அதே சண்டிகருக்குப் போனார். அவர் படங்கள் புத்தகமாக வந்தது 2010 இல்தான். அதைப் புரட்டினால் ஊர் மாறிவிட்டதோ என்று தோன்றும். புழுதி, கழுதைகள், மூங்கிலும் கட்டையும் கட்டிய சாரம், சாய்தளங்கள், தலையில் கலவைச் சட்டியோடு வரிசையாக ஏறும் பெண்கள், நிழலுக்கு ஒதுங்கிய குழந்தைகள். நவீன உலகத்தின் நுழைவாயில் என்று கொண்டாடிய கட்டடத்தின் ஒவ்வொரு சட்டிக் கான்கிரீட்டும் ஒரு பெண்ணின் தலைமேல் ஏறித்தான் மேலே போயிருக்கிறது. 2016 இல் யுனெஸ்கோ அந்தத் தலைமைக் கட்டடத் தொகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அறிவிப்பில் இருப்பது லெ கொர்பூசியேயின் பெயர். சட்டி சுமந்தவர்களின் பெயரை எந்தச் சட்டத்துக்குள்ளும் யாரும் எழுதிவைக்கவில்லை.

இரண்டு பேரின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு உடனே ஒரு தீர்ப்பு வந்துவிட்டது. பூச்சு வேண்டாம், வேலை அப்படியே தெரியட்டும் என்று சொன்ன கட்டடத்துக்கு அரூபப் புகைப்படம் மறுபடி ஒரு பூச்சைப் பூசிவிட்டது. சாரத்தையும் சித்தாளையும் புழுதியையும் மறைக்கும் வழவழப்பான பூச்சு. இந்த மலையிலேயே அப்படி ஓர் உருவத்தைப் பற்றிய கதை உண்டு. கொல்லிப்பாவை. நற்றிணையும் குறுந்தொகையும் பேசுகிற பாவை அது. காற்றடித்தாலும் இடி விழுந்தாலும் நிலம் நடுங்கினாலும் தன் அழகு குலையாமல் நிற்கும். அழகில் மயங்கி அருகே போகிறவரைக் கொன்றுவிடும் என்பார்கள். மனிதரை முற்றிலும் விலக்கி, அப்பழுக்கில்லாமல் நிற்கும் கான்கிரீட் படங்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பாவையின் நினைவுதான் வந்தது. அழகு, சந்தேகமில்லை. பக்கத்தில் மட்டும் உயிரோடு ஒருவரும் இல்லை.

இந்தத் தீர்ப்பு நீடிக்கவில்லை. அதை அசைத்தவர் ஒரு சென்ட்ரிங் தொழிலாளி.

கொல்லிமலையிலிருந்து இறங்கிக் கீழ்நாட்டு நகரங்களில் கட்டட வேலை பார்ப்பவர்கள் உண்டு. அப்படிக் கோவையில் வேலை பார்த்துவிட்டுப் பண்டிகைக்கு ஊர் வந்திருந்த இளைஞர் ஒருவரோடு பெரியகோவிலூர் டீக்கடையில் பேச்சு வந்தது. என் கைப்பேசியில் இருந்த படத்தை எட்டிப் பார்த்தார். சண்டிகர்ச் சுவர் ஒன்றை மிக அருகிலிருந்து எடுத்த படம் அது. ஊரும் பேரும் இல்லை, வெறும் சாம்பல் தளமும் சில கோடுகளும்.

"இது பலகை அடிச்சுப் போட்டதுங்கண்ணா. ஷீட்டு இல்ல, பிளைவுட்டும் இல்ல," என்றார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். "இந்தா, பலகைக்கும் பலகைக்கும் நடுவுல சந்து விட்டிருக்குது. சிமெண்ட் பால் வெளிய இறங்கியிருக்கு பாருங்க. இந்தப் பக்கம் நல்லாக் குத்தி விடல, ஜல்லி தெரியுது."

குறுக்கே போகும் ஒரு மெல்லிய கோட்டைக் காட்டி, இது என்ன என்று கேட்டேன். விமர்சகர்கள் அந்த மாதிரிக் கோட்டைத் தளத்தை இரண்டாகப் பிரிக்கும் அடிவானம் என்றெல்லாம் எழுதுவார்கள்.

"அன்னிக்கு அதோட நிறுத்திட்டாங்கண்ணா. மறுநாள் வந்து மேல போட்டிருக்காங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "ஆமா, இத ஏன் பூசாம விட்டுட்டாங்க?"

"அதுதான் அழகுன்னு."

சிரித்துவிட்டார். "எங்க மேஸ்திரி பார்த்திருந்தா அன்னிக்குக் கூலியப் பிடிச்சிருப்பாரு."

அந்தச் சிரிப்பில் இருக்கும் அநியாயத்தைச் சொல்லாமல் தாண்டக்கூடாது. மார்செய்க் கட்டடத்தில் பல ஒப்பந்தக்காரர்கள் ஆளுக்கொரு விதமாகக் கான்கிரீட் போட்டு, சந்தும் பிசிறுமாக வந்தபோது, லெ கொர்பூசியே அதைச் சரிசெய்யச் சொல்லவில்லை. மனித முகத்துச் சுருக்கம் மாதிரி இதுவும் இருக்கட்டும் என்று விட்டார். உலகம் அதை ஒரு கொள்கையாக ஏற்றுக்கொண்டது. அதே பிசிறு தொகுப்பு வீட்டில் வந்தால் குறை. நகரத்து அடுக்குமாடியில் வந்தால் கூலிப் பிடித்தம். சொரசொரப்பு யாருடைய கையெழுத்தோடு வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் அது கலையாகிறது அல்லது கோளாறாகிறது. இது புரூட்டலிசத்தின் மீது எனக்கு இருக்கும் தீராத மனத்தாங்கல்.

ஆனால் அந்த இளைஞர் எனக்குக் காட்டிய விஷயம் இதைவிடப் பெரியது. மனிதரே இல்லை என்று நான் முடிவுகட்டிய படத்தில் அவர் மனிதரைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை. அவசரமாகப் பலகை அடித்தவர் ஒருவர், சரியாகக் குத்திவிடாதவர் இன்னொருவர், பொழுது சாய்ந்ததும் வேலையை நிறுத்திய ஒரு கூட்டம். ஷைடெக்கரின் படத்தில் அவர்கள் உருவமாக இருந்தார்கள். இதில் தடமாக இருந்தார்கள்.

கான்கிரீட் எப்படி இறுகுகிறது என்பதை நினைத்தால் இது இன்னும் தெளிவாகும். கலவை ஊற்றும்போது அதற்கென்று உருவம் கிடையாது. கம்பியைச் சுற்றி ஓடி, பலகையின் உள்முகத்தில் போய் ஒட்டுகிறது. மரத்தின் ரேகை, கணு, ஆணித்தலை, வெட்டுவாய் எல்லாவற்றிலும் சிமெண்ட் பால் புகுந்துகொள்கிறது. தண்ணீரும் சிமெண்டும் வினைபுரிந்து இறுக இறுக அந்த முகம் அப்படியே உறைகிறது. சுவர்ப் பலகையை ஓரிரு நாளில் பிரித்துவிடலாம். முழு வலுவை அளக்க 28 நாள் கணக்கு. பலகையில் மேடாக இருந்தது சுவரில் பள்ளமாகவும், பள்ளமாக இருந்தது மேடாகவும் வந்திருக்கும். பழைய ஃபிலிம் சுருளின் நெகட்டிவிலிருந்து படம் போடுவது இதே தலைகீழ் முறைதான். பலகை நெகட்டிவ், சுவர் அதன் பிரதி. அந்த மரம் எந்தக் காட்டில் நின்றதோ, பலகை எப்போதோ அடுப்புக்குப் போயிருக்கும். அதன் ரேகை மட்டும் ஒரு நீதிமன்றச் சுவரில் எழுபது வருடமாக இருக்கிறது. பூசாத சுவரை ஹெர்வே படம் எடுக்கும் முன்னாலேயே அந்தச் சுவர் ஒரு படமாகத்தான் இருந்தது. குறுக்கே ஓடும் ஒவ்வொரு வார்ப்புக் கோடும் ஒருநாள் கூலியின் முடிவு. கீழிருந்து மேலாக எண்ணிக்கொண்டே போனால் ஒரு சுவர் எத்தனை வார்ப்பில் எழுந்தது என்று படித்துவிடலாம். வருகைப் பதிவேடு எப்போதோ செல்லரித்திருக்கும். சுவர் அதை வைத்திருக்கிறது.

பூச்சுதான் இதையெல்லாம் அழிக்கும். தூரத்திலிருந்து எடுக்கும் படமும் அழிக்கும். அருகே போகும் படம் அழிப்பதில்லை. அப்படியானால் அரூபம் என்பதிலேயே இரண்டு வகை இருக்கிறது. விலகிப் போய், வெட்டி, மழித்து, வடிவத்தை மட்டும் காப்பாற்றுவது ஒன்று. கட்டடம் என்ற அடையாளம் மறைகிற அளவுக்கு நெருங்கிப் போய், அதைச் செய்த கையின் தடத்தில் முகம் படும்படி நிற்பது இன்னொன்று. இரண்டிலும் மனித உருவம் இருக்காது, தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் நிற்கிறது. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி. சண்டிகருக்குப் பதினைந்து வருடம் முந்தியது. டோக்கியோவிலிருந்து வந்த அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்தார். ஜார்ஜ் நகாஷிமாவும் ஃபிரான்ஸ்வா சம்மரும் கூடவே தங்கி வேலை பார்த்தார்கள். 1937 இல் தொடங்கி, நடுவில் உலகப் போர் குறுக்கிட, நாற்பதுகளில்தான் முடிந்தது. இந்தியாவில் வெளிமுகத்தைப் பூசாமல் விட்ட முதல் நவீனக் கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று. காற்று வர ஏதுவாகச் சுவர் முழுக்கத் திறந்து மூடும் பட்டைகள். புகைப்படக்காரனுக்கு அந்தப் பட்டைகளின் ஒழுங்கு போதும், வேறெதுவும் தேவையில்லை. ஆனால் அங்கே கான்கிரீட் போட்டவர்களில் ஆசிரமத்து சாதகர்களும் இருந்தார்கள் என்பதும், பித்தளைப் பிடிகள் பக்தர்கள் தந்த பாத்திரங்களை உருக்கி வார்த்தவை என்பதும் தெரிந்தபின் அதே பட்டைகளைப் பாருங்கள். ஒழுங்கு அதேதான். அதற்குள் ஒரு வீட்டுச் செம்பும் கிடக்கிறது.

அறப்பளீஸ்வரர் கோயிலுக்குள் போனால் எனக்கு இந்த யோசனை இன்னும் கொஞ்சம் நகர்கிறது. லிங்கம் என்பதே அரூபத்துக்கும் உருவத்துக்கும் நடுவில் நிற்பது. அருவுருவம் என்று சைவர்கள் சொல்வார்கள். முகமும் கையும் காலும் இல்லை, பார்ப்பவன் தன்னை வைத்து ஒப்பிட்டுக்கொள்ளும் அளவுகளும் இல்லை. விலக்க வேண்டிய எல்லாவற்றையும் நம் முன்னோர் ஏற்கெனவே விலக்கிவிட்டார்கள். ஆனால் இந்தக் கோயிலின் தலவரலாறு அந்த வழவழப்போடு நின்றுவிடுவதில்லை. விளைநிலமாக இருந்த இடத்தை ஒரு விவசாயி உழுதபோது கலப்பை இந்த லிங்கத்தில் பட்டு ரத்தம் வந்தது என்றும், அந்த அடியின் தழும்பு இன்னும் லிங்கத்தின் மேல் இருக்கிறது என்றும் சொல்கிறார்கள். எத்தனையோ அரசர்களின் காலம் போயிருக்கிறது, எத்தனையோ திருப்பணிகள் நடந்திருக்கும். தழும்பை மழித்துவிட வேண்டும் என்று கதை சொன்னவர் யாருக்கும் தோன்றவில்லை. மாறாக, அதைச் சொல்லித்தான் சாமியை அறிமுகப்படுத்துகிறார்கள். உருவம் முழுக்கப் போனபின்னும் ஒரு கருவியின் தடம், அதைப் பிடித்த பெயர் தெரியாத ஓர் உழவனின் கை, அந்தக் கல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அரூபம் மனிதரை விலக்குகிறது என்று நான் போட்ட குற்றச்சாட்டு இங்கேதான் கரைந்தது. மனித உருவத்தை விலக்கலாம். தழும்பை விலக்கினால்தான் பொய். ஹெர்வே தன் கத்தரிக்கோலால் எவ்வளவோ வெட்டினார். சுவரின் பிசிறை அவர் தேய்த்து மறைத்ததில்லை. பலகையின் ரேகை அவர் படத்தில் சாய்வெயிலில் எழுந்து நிற்கும். அவரைப் பாவையோடு சேர்த்தது என் அவசரம். அந்த வரிசையில் நிற்க வேண்டியவை இப்போது கணினியில் சுவரை வழித்துத் துடைத்து, கறையையும் விரிசலையும் அழித்து, வானத்தைக் கன்னங்கரேலென்று ஆக்கிச் சுற்றில் விடும் படங்கள். அங்கே இருப்பது கான்கிரீட்டே இல்லை.

தடம் எவ்வளவு சீக்கிரம் போய்விடும் என்பதற்கு டெல்லிப் பிரகதி மைதானம் சாட்சி. 1972 வணிகக் கண்காட்சிக்காக ராஜ் ரேவால் வடிவமைத்து, மகேந்திர ராஜ் பொறியியல் கணக்குப் போட்ட ஹால் ஆஃப் நேஷன்ஸ். உலகில் எஃகுக் குழாயில் செய்யும் முக்கோணக் கூண்டு அமைப்பை, எஃகு கிடைப்பதே அரிதாக இருந்த நாட்டில், கையால் கலவை ஊற்றிக் கான்கிரீட்டில் செய்து காட்டினார்கள். 60 வயது ஆகாத கட்டடத்தைப் பாரம்பரியம் என்று கணக்கில் எடுக்க முடியாது என்றது டெல்லியின் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக் குழு. அதற்கு அப்போது வயது 45. 2017 ஏப்ரலில் ஓர் இரவில் இடித்துத் தள்ளிவிட்டார்கள். அந்தக் காலத்து டெல்லிக் கட்டடங்களை மதன் மகட்டா வருடக்கணக்கில் எடுத்துவைத்த கறுப்பு வெள்ளைப் படங்களை ராம் ரஹ்மான் 2012 இல் கண்காட்சியாகத் தொகுத்திருந்தார். கட்டடம் போனபின் படத்தின் வேலை மாறிவிடுகிறது. 'சும்மா' எடுத்தது சாட்சியமாகிவிடுகிறது. தொட்டியடியில் கேள்வி கேட்ட பெரியவருக்கு இதைச் சொல்லியிருக்கலாம், அப்போது தோன்றவில்லை.

தொட்டிகளைப் பற்றிச் சொல்ல இன்னொன்று பாக்கி இருக்கிறது. ஜெர்மனியின் பெர்ன்ட், ஹில்லா பெஹர் தம்பதி 1959 இலிருந்து பல பத்தாண்டுகள் நீர்த்தொட்டி, உலை போன்ற தொழிற்சாலைக் கட்டுமானங்களைத் தேடித்தேடி எடுத்தார்கள். மேகமூட்டமான நாளில், நேருக்கு நேராக, நிழலில்லாமல், ஒரே மாதிரி எடுத்து, வரிசையாக அடுக்கி மாட்டுவார்கள். 1990 இல் வெனிஸ் கலைவிழாவில் அந்தப் புகைப்படங்களுக்குச் சிற்பப் பிரிவில் தங்கச் சிங்கம் விருது கொடுத்தார்கள். டெல்லியின் தண்ணீர்த் தொட்டிகளை ரந்தீர் சிங் ஒரு வரிசையாக எடுத்திருக்கிறார். அவரும் ஓவியர் செஹர் ஷாவும் சேர்ந்து டெல்லி, லண்டன், டோக்கியோக் கான்கிரீட் கட்டடங்களின் துண்டுகளை, பொறியாளர்கள் வரைபடத்துக்குப் பயன்படுத்திய பழைய நீலப் பிரதி முறையில் அச்சிட்டிருக்கிறார்கள். பெஹர்கள் காத்துக்கிடந்த நிழலற்ற வெளிச்சம் கொல்லிமலையில் மழைக்காலம் முழுக்க இலவசமாகக் கிடைக்கிறது. எடுப்பாரைத்தான் காணோம்.

தமிழ்நாட்டு ஊராட்சிகளில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் எழுந்த மேல்நிலைத் தொட்டிகள் ஒவ்வொன்றாகச் சிதிலமடைந்தவை என்று குறிக்கப்பட்டு இடிக்கப்படுகின்றன. இடிக்கத்தான் வேண்டும், தலைக்குமேல் விழக் காத்திருக்கும் கான்கிரீட்டைக் கலைக்காக வைத்துக்கொள்ளச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. உங்கள் ஊர்த் தொட்டிக்கு நாள் குறிக்கும் முன் கைப்பேசியோடு ஒருமுறை போய்வாருங்கள். கொள்ளளவும் ஆண்டும் பெயின்டில் எழுதியிருக்கும் பக்கத்தை முதலில் எடுங்கள். பிறகு தூணுக்கு ஒரு முழம் தள்ளி நின்று, பலகை ரேகையும் நாள்கோடும் தெரியும்படி ஒரு படம். வெளிச்சத்தைக் கூட்டாதீர்கள், கறையைத் துடைக்காதீர்கள். அந்தத் தொட்டிக்குச் சென்ட்ரிங் அடித்தவரோ கலவை சுமந்தவரோ ஊரில் இன்னும் இருந்தால், படத்தை அவரிடம் காட்டி, அவர் சம்மதத்தோடு அவர் பெயரையும் ஆண்டையும் கீழே எழுதிவையுங்கள்.